கைதட்டிய இடமெல்லாம்

அன்று காலை அந்த வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுவது நல்லது.

சோபாவின் ஓரத்தில், குளித்த தலை காயாமல், மகள். பிளக்குக்குப் பக்கத்தில் தரையில், மடியில் லேப்டாப்புடன் மாப்பிள்ளை. சமையலறை வாசலை ஒட்டிய ஸ்டூலில், வேலைக்குப் புறப்பட்ட கோலத்தில், கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி அம்மா. நான்காமவர் வெளியாள், நீலக் கோட்டுக்காரர். இத்தனை இடம் காலியாக இருக்க, அவர் நேரே போய் ஜன்னலோரத்து மஞ்சள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த நாற்காலியில் வீட்டார் யாரும் சும்மா உட்காருவதில்லை. அது வீடியோ நாற்காலி.

இந்தக் கதையை இடையில் எடுத்துப் படிப்பவர்களுக்காக நாலு வரி. மகளைப் பார்க்காதவர்கள்கூட அவளைச் 'சில்லறை அக்கா' என்று அறிவார்கள். நான்கு வருடங்களுக்கு முன்னால் சமையல் மேடையில் ஃபோனைச் சாய்த்து வைத்து, சம்பளச் சீட்டை எப்படிப் படிப்பது, வட்டிக்கு வட்டி என்றால் என்ன, கடன் அட்டை ஏன் கையைக் கடிக்கிறது என்று பேச ஆரம்பித்தவள். பள்ளிக்கூடம் சொல்லித் தராமல் விட்டதைச் சொல்லித் தருகிறாளே என்று கல்லூரிப் பிள்ளைகள் கூட்டமாக வந்து சேர்ந்தார்கள். அவள் பதில் சொல்வாள். பக்கத்து ஸ்டூலில் இருந்து அம்மா கேள்வி கேட்பாள். எழுதிக் கொடுத்ததையும் கேட்பாள், தோன்றியதையும் கேட்பாள். அதனால் அம்மாவுக்குக் கிடைத்த பெயர் 'சந்தேகத்தம்மா'. இப்போது அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலும் அதே பெயர்தான்.

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு சேமிப்புச் செயலிக்கு இருவரும் சேர்ந்து விளம்பரம் செய்தார்கள். போன வாரம் அந்தச் செயலியில் 'பணத்தை எடு' என்ற பொத்தான் சாம்பல் நிறமாகிப் போனது. எத்தனை தரம் அழுத்தினாலும் அசையவில்லை. கோட்டுக்காரர் அந்தக் கம்பெனி அனுப்பிய ஆள்.

"பதறாதீங்கன்னு ஒரு சின்ன வீடியோ. மூணு நிமிஷம் போதும்," என்றார் அவர். "அக்கா மட்டும் பேசினா எடுபடாது. அம்மாவும் வேணும். ஜனங்க நம்பறது அம்மா முகத்தைத்தான்."

"நான் என்ன சொல்லணும்?"

"'என் காசும் அதுலதான் இருக்கு, நான் நிம்மதியாத் தூங்கறேன்.' அவ்வளவுதாம்மா."

மாப்பிள்ளை திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மகள் தலையைத் துவட்டியபடியே இருந்தாள். துவட்ட ஒன்றும் மிச்சமில்லை.

"பிள்ளைங்க காசு எப்ப வரும்?" என்றாள் சந்தேகத்தம்மா.

"வரும்மா."

"எப்பன்னு கேட்டேன்."

கோட்டுக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "நேர்லயும் அப்படியேதான் இருக்கீங்க." பிறகு குரலை இறக்கினார். "உங்க ஆஸ்பத்திரிப் பொண்ணுங்க நிறையப் பேர் போட்டிருக்காங்களாமே. வீடியோ வெளிவந்த கையோட அவங்களுக்கு மட்டும் முதல்ல தீர்த்து வச்சிடலாம். வெளியில மூச்சு விடக் கூடாது. இல்லேன்னா ஒப்பந்தம் இருக்கு. அதுல என்ன எழுதியிருக்குன்னு அக்காவுக்குத் தெரியும்."

அக்கா தலையாட்டினாள். தெரியும் என்பதற்கா, சரி என்பதற்கா என்று பிடிபடவில்லை.

"நாளைக்குப் பத்து மணிக்கு வரேன்," என்று எழுந்தார் அவர். போகும்போது நாற்காலியின் கைப்பிடியைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார், சொந்த மாட்டைத் தட்டுவது போல.

"அம்மா," என்றாள் மகள்.

"எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சு."

*

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருக்கிறது துணி அறை. ஜன்னல் கிடையாது. பகலிலும் குழல் விளக்குதான். சலவையிலிருந்து சூடு ஆறாமல் வந்து குவியும் விரிப்புகளை ஒவ்வொன்றாக விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்து, ஓட்டை உள்ளதைத் தைக்க ஒதுக்கி, நல்லதை மடித்து அடுக்குவது சந்தேகத்தம்மாவின் வேலை. பயிற்சி நர்சுகள் அழுக்கு யூனிஃபார்மைக் கொடுத்துவிட்டுச் சலவை செய்ததை வாங்கிப் போக வருவார்கள்.

அன்று முதலில் வந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்திக்கு அவள் வைத்த பெயர் குட்டைமுடி, இன்னொருத்திக்கு ஒட்டடைக்குச்சி. நெடுநெடுவென்று உத்தரத்தைத் தொடுகிற உயரம்.

"என்னடி, முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"பொத்தான் இன்னும் எழும்பலம்மா," என்றாள் குட்டைமுடி.

"கோமால இருக்கு. ஐ.சி.யூல சேர்த்துட்டு வெளியில உக்காந்திருக்கோம்," என்றாள் ஒட்டடைக்குச்சி. அவளுக்கே சிரிப்பு வரவில்லை.

"பரீட்சைக் கட்டணம் கட்டணும்மா," என்றாள் குட்டைமுடி. "இந்த மாசக் கடைசிதான் கெடு. கட்டலேன்னா ஒரு வருஷம் போச்சு."

"வீட்டுல சொன்னியா?"

"சொன்னா? 'படிச்சு கிழிச்சது போதும், மூட்டையைக் கட்டு'ம்பாங்க. இப்பவே அப்படித்தான் பேச்சு."

குட்டைமுடி யூனிஃபார்மை வாங்காமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்களை விடுங்கம்மா. உங்களை நெனைச்சாத்தான் எங்களுக்கு ஆறல. இத்தனை வருஷம் இந்த வெக்கைல நின்னு சேர்த்த காசு."

சந்தேகத்தம்மா கையை விடுவித்துக்கொண்டு அடுத்த விரிப்பை எடுத்து உதறினாள்.

அவள் அந்தச் செயலியில் பணம் போடவே இல்லை. அவள் சேமிப்பு இருக்கிற இடத்தில், வங்கியில், பத்திரமாக இருந்தது. வீடியோவில் 'நானும் போட்டுட்டேன்' என்று சொன்னது மகள் எழுதிக் கொடுத்த வரி. கல்யாண வீட்டில் புடவை நன்றாக இருக்கிறது என்று சொல்வதைப் போல, அதையும் சொல்லிவிட்டாள். பின்னால் உறுத்தியபோது ஒரு சமாதானம் கைவசம் இருந்தது. முக்கியமான கேள்வியைத்தான் கேட்டுவிட்டோமே, காதுள்ளவர்கள் கேட்டிருப்பார்கள், யோசித்துத்தான் போட்டிருப்பார்கள் என்பது அந்தச் சமாதானம்.

ஒட்டடைக்குச்சி அழுக்குத் துணிக்கு அடியிலிருந்து ஒரு காகித உறையை எடுத்தாள். "நிதிக் குற்ற விசாரணை அலுவலகத்துக்குப் புகார் எழுதியிருக்கோம். எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு. உங்களது மட்டும்தான் பாக்கி."

'பாதிக்கப்பட்டவர்கள்' என்ற தலைப்பின் கீழே முதல் பெயர் அவளுடையது.

"உங்க பேர் மேல இருந்தாத்தாம்மா யாராவது பிரிச்சே படிப்பாங்க."

அவள் காகிதத்தைப் பார்த்தபடியே கேட்டாள். "ஏண்டி, நான்தான் கேட்டேனே. நடுவுல அவசரம்னா எடுக்க முடியுமா, தரலேன்னா யார் வாசல்ல போய் நிக்கறதுன்னு. அதைப் பாத்தும் எப்படிடி போட்டீங்க?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எந்த வீடியோல?"

"அதே வீடியோலதான்."

"இல்லியேம்மா. எனக்கு அது தலைகீழ்ப் பாடம்," என்று குட்டைமுடி ஃபோனை நீட்டினாள்.

சந்தேகத்தம்மா தன் வீடியோ எதையும் பார்த்தவள் அல்ல. தகரத்தைச் சுரண்டுகிற மாதிரித் தன் குரல் இருக்கிறது என்று அவளுக்கு எண்ணம். இன்று பார்த்தாள். திரையில் இருந்தவள், "என்னை மாதிரி ஆளுங்களும் போடலாமா?" என்றாள். மகள், "தாராளமா," என்றாள். உடனே திரையில் இருந்தவள், பல் தெரிய, "அப்ப நானும் போட்டுட்டேன்!" என்றாள்.

நடுவில் ஒன்றுமில்லை. தையல்கூடத் தெரியவில்லை.

மூச்சு விடக் கூடாது என்று சொல்லியிருந்தும், கோட்டுக்காரர் சொன்னதை அவர்களிடம் சொன்னாள். சொல்லாமல் இருக்க அவளால் முடியவில்லை.

"போடுங்கம்மா!" என்று ஒட்டடைக்குச்சி அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "மூணு நிமிஷம்தானே! புகாரைக் கிழிச்சுப் போடுங்க. எங்களுக்குக் காசு வந்தாப் போதும்."

குட்டைமுடி தரையைப் பார்த்தாள். "நமக்கு முதல்ல குடுத்துட்டா, மத்தவங்களுக்கு?"

"மத்தவங்களை மத்தவங்க பாத்துப்பாங்க. பரீட்சை உனக்கா, அவங்களுக்கா?"

குட்டைமுடி வெள்ளை யூனிஃபார்மை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"நீங்களே முடிவு பண்ணுங்கம்மா," என்று ஒட்டடைக்குச்சி உறையைச் சந்தேகத்தம்மாவின் கையில் வைத்தாள். "எது செஞ்சாலும் எங்களுக்குச் சரி."

*

மாலையில் வீடு திரும்பியபோது மாப்பிள்ளை சாப்பாட்டு மேசையில் ஹெட்ஃபோனோடு இருந்தார். மகளைக் காணோம்.

"மாப்பிள்ளை, அந்த விளம்பர வீடியோ எடுத்தீங்களே, அன்னிக்கு எடுத்தது பூரா இருக்கா?"

"இருக்கும் அத்தை. நான் எதையும் அழிக்கறதில்ல. டிஸ்க்குல கிடக்கும்." அவர் தயங்கினார். "இப்ப எதுக்கு?"

"பாக்கணும்."

அத்தை ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று கேட்டது அதுதான் முதல் முறை. அவர் ஹெட்ஃபோனைக் கழற்றி அவள் தலையில் வைத்தார்.

அதில் இருந்தது. தகரம் சுரண்டும் அதே குரல், அதே கேள்வி, ஒரு சொல் குறையாமல். மகள் திகைத்து, கேமராவுக்குப் பின்னால் பார்க்கிறாள். "அவங்க குடுத்த தாள்ல அதைப் பத்தி ஒண்ணும் இல்லியே," என்று மாப்பிள்ளையின் குரல். மகள் ஒரு தரம் பளீரென்று கை தட்டுகிறாள். ஸ்டூலில் இருக்கும் அம்மா, தலையைக் கொஞ்சம் சாய்த்து, பூரித்துச் சிரிக்கிறாள்.

"இதோ பாருங்க," என்று மாப்பிள்ளை திரையின் அடியில் ஓடிய பச்சைக் கோட்டைக் காட்டினார். "தட்டின இடத்துல கோடு எகிறுது இல்ல? அதைப் பாத்துப் பாத்து வெட்டுவேன். தேடவே வேண்டாம். வேலை சுலபம்."

"தட்டினா வெட்டணுமா?"

"ஆமா அத்தை. முதல் வீடியோலேர்ந்து அப்படித்தான். நீங்க என்னன்னு நெனைச்சீங்க?"

"நல்லாக் கேட்டேன்னு தட்டறான்னு நெனைச்சேன்."

மாப்பிள்ளை சிரிக்க வாய் திறந்தார். அத்தையின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

"மத்ததையும் காட்டுங்க."

அவர் காட்டினார். சேனல் ஆரம்பித்த நாளிலிருந்து. கடன் கட்டாமல் செத்துப் போனால் யார் கட்டுவது? பளீர். நஷ்டம் வந்தால் உனக்கும் வருமா, எனக்கு மட்டுமா? பளீர். இதைச் சொல்ல உனக்கு அவங்க காசு கொடுக்கறாங்களா? பளீர். ஒவ்வொரு தட்டலுக்கும் ஸ்டூலில் இருந்தவள் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிச் சிரித்தாள். நான்கு வருடமாகச் சிரித்திருக்கிறாள்.

"போதும்," என்று ஹெட்ஃபோனைக் கழற்றினாள்.

கதவருகே மகள் நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ.

"என் கேள்வியை எல்லாம் வெட்டிட்டியாடி?"

"எல்லாம் இல்லம்மா. எனக்குப் பதில் தெரியாததை மட்டும்."

"தெரியலன்னு சொல்லியிருக்கலாமே."

"தெரியலன்னு சொல்றவளை யாரு பாப்பா?" மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள். "நான் எந்தக் காலேஜ்லம்மா இதைப் படிச்சேன்? இன்னொருத்தர் வீடியோவைப் பாத்துத்தானே கத்துக்கிட்டேன். அவரும் தனக்குத் தெரியாததை வெட்டித்தானே போட்டிருப்பார்? மிச்சம் இருந்ததைத்தான் நான் கத்துக்கிட்டேன். அதைத்தான் சொல்லியும் குடுத்தேன்."

"அந்தப் பிள்ளைங்க உன்னை நம்பிச்சுடி."

"நான் நம்பலியா? என் காசு பூரா அதுலதான் கிடக்கு. இந்த வீட்டுக்கு முன்பணம் குடுக்க வச்சிருந்தது, எல்லாம். உன்னை மாதிரி பேங்க்ல பூட்டி வச்சுட்டு வந்து, போட்டுட்டேன்னு நான் சொல்லல."

அம்மா ஹெட்ஃபோனை மேசையில் வைத்தாள்.

"நீ எழுதிக் குடுத்ததுதானே..."

"எழுதினேன். நீ போடலன்னு தெரிஞ்சேதான் எழுதினேன். நீயும்தான் சொன்னே."

மகள் சோபாவில் விழுந்து முகத்தை மூடிக்கொண்டாள். விரல்களுக்கு இடையிலிருந்து குரல் வந்தது. "எத்தனை பேர் எழுதினாங்க தெரியுமா? 'அக்கா, உங்களாலதான் கடனை அடைச்சேன், உங்களாலதான் கையில நாலு காசு நிக்குது'ன்னு. அதெல்லாம் பொய்யா? அதுவும் நான்தானே?"

"அதுவும் நீதான்."

"நாளைக்கு அந்த ஆள் வருவார். நான் உக்காருவேன். நீ வந்தாலும் சரி, வராட்டியும் சரி. எனக்கு வேற வழி தெரியல."

சந்தேகத்தம்மா கைப்பையிலிருந்து புகாரை எடுத்து மேசையில் விரித்தாள். மாப்பிள்ளையின் பேனாவைக் கேட்டு வாங்கினாள். முதல் பெயரின் மேல் ஒரு கோடு கிழித்தாள். தாளின் அடியில் மிச்சமிருந்த இடத்தில், பெரிய பெரிய எழுத்தில், நிதானமாக எழுத ஆரம்பித்தாள். எழுதி முடித்ததும் மகளுக்குக் கேட்கும்படி வாசித்தாள்.

"'மேலே முதலில் இருந்த பெயரை நானே அடித்திருக்கிறேன். எனக்கு நஷ்டம் எதுவும் இல்லை. நான் பணம் போடவில்லை. போட்டதாக வீடியோவில் சொன்னேன். பணத்தைத் திரும்ப எடுப்பது பற்றி அன்று ஒரு கேள்வியும் கேட்டேன். அதை என் மகள் நீக்கச் சொன்னாள், என் மருமகன் நீக்கினார். முழுப் பதிவும் எங்கள் வீட்டில் இருக்கிறது. கம்பெனியின் ஆள் நாளை மீண்டும் எங்களைப் பேசச் சொல்லியிருக்கிறார். எங்களையும் விசாரிக்க வேண்டுகிறேன்.'"

"அத்தை, ஒரு நாள் பொறுங்க," என்றார் மாப்பிள்ளை. "வக்கீல் யாரையாவது பாத்துட்டு..."

மகள் கையை எடுத்தாள். கண் சிவந்திருந்தது. "என்னை எழுதினது இருக்கட்டும். இதைப் போட்டா அவர் அந்தப் பொண்ணுங்களுக்குத் தர மாட்டார். அதையாவது யோசிச்சியா? உன் பேரைச் சொல்லிக்கிட்டு உன் கையைப் பிடிச்சுட்டு நிக்கறவங்க."

பேனா மேசையில் உருண்டு நின்றது.

யோசிக்காமல் இல்லை. பஸ்ஸில் வழி நெடுக அதையேதான் யோசித்தாள். தன் சேமிப்பை எடுத்தால் ஒருத்தியின் கட்டணத்துக்குக் காணும், இரண்டு பேருக்கும் காணலாம். தாளில் வரிசையாக நிற்கிறவர்களில் யாருக்குக் கட்டுவது, யாரை ஊருக்கு மூட்டை கட்டச் சொல்வது? அதற்கு மேல் அவள் புத்தி ஓடவில்லை.

"அவர் தருவார்னு யாருடி சொன்னா?"

"அவர்தான் சொன்னாரே."

"எப்பன்னு கேட்டேன். சிரிச்சார்."

அம்மா காகிதத்தை மடித்தாள். விரிப்பு மடிக்கிற கை. ஓரம் ஓரத்தோடு சரியாகப் பொருந்தியது. கதவைத் திறந்தபோது பின்னாலிருந்து யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் நின்றிருப்பாளோ என்னவோ.

*

தபால் நிலையத்தில் மூடுகிற நேரம். பதிவுத் தபால் ஜன்னலில் மட்டும் விளக்கு எரிந்தது. அவளுக்கு முன்னால் ஒருவர், பின்னால் இருவர். பலகையில் இருந்த கோந்துப் புட்டியின் தூரிகை காய்ந்து விறைத்திருந்தது. அதை அழுத்தித் தேய்த்து உறையின் வாயை ஒட்டினாள். உள்ளங்கையால் மூன்று நான்கு தரம் நீவிவிட்டாள்.

ஜன்னலுக்குள் இருந்த எழுத்தர் உறையை எடை போட்டார். நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மறுபடி பார்த்தார்.

"நீங்க அந்த வீடியோல வர்றவங்கதானே?"

அவள் தலையசைத்தாள்.

"என் பெரிய பையன் உங்களைப் பாத்துட்டுத்தாங்க போட்டான். முதல் சம்பளத்துலேர்ந்து மாசாமாசம். நானே சொன்னேன், அந்தம்மாவே போட்டிருக்காங்க, தைரியமாப் போடுடான்னு." அவர் ஜன்னலருகே முகத்தைக் கொண்டுவந்தார். "வந்துடும்லங்க?"

பின்னால் யாரோ இருமினார்கள். சந்தேகத்தம்மா பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியலைங்க," என்றாள். பிறகு, "நான் அதுல போடலைங்க. போட்டேன்னு சொன்னது பொய்."

எழுத்தரின் கையில் முத்திரை அப்படியே நின்றது. அவர் அவளைப் பார்த்தார், பிறகு உறையின் மேல் எழுதியிருந்த முகவரியைப் பார்த்தார். அதை ஒருமுறை உதடசைத்துப் படித்தார். கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

முத்திரை இரண்டு தரம் விழுந்தது, வேண்டியதற்கும் பலமாக. ரசீதைக் கிழித்து, அவள் நீட்டிய கையில் கொடுக்காமல், பலகையில் வைத்தார். உறையைத் திரும்பிப் பார்க்காமல் பின்னால் இருந்த சாக்குக்குள் எறிந்தார்.

"அடுத்தது யாருங்க?" என்றார்.